லைசென்சு துப்பாக்கியில் 'பாயிண்ட் 32'தான் ராஜா! 9 மி.மீ. வைத்திருந்தால் 14 ஆண்டு வரை ஜெயில்; காரணம் என்ன?

திருச்சி:

லைசென்சு எடுத்து கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம், "என்ன துப்பாக்கி அண்ணே?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "பாயிண்ட் 32."

நகைக்கடை அதிபர், பைனான்சியர், அரசியல் பிரமுகர், எஸ்டேட் ஓனர் என்று யாராக இருந்தாலும் இடுப்பில் இருப்பது அதேதான். ஆனால் போலீசாரிடமும் ராணுவத்திடமும் இருப்பது 9 மி.மீ. உலகம் முழுக்க அதிகம் விற்பதும் இந்த 9 மி.மீ.தான். நம்ம ஊரில் மட்டும் பாயிண்ட் 32 எப்படி முதல் இடத்துக்கு வந்தது? அது அவ்வளவு நல்ல துப்பாக்கியா? வாங்குகிறவர்கள் விரும்பித்தான் வாங்குகிறார்களா?

விசாரித்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. மற்றதை எல்லாம் சட்டம் தள்ளி வைத்து விட்டது. மிச்சம் இருப்பதில் எளிதாக கிடைத்தது பாயிண்ட் 32. அவ்வளவுதான்!

பாயிண்ட் என்றால் என்ன?

துப்பாக்கி குழாயின் அகலத்தை அங்குலத்தில் சொல்வதுதான் இந்த 'பாயிண்ட்' கணக்கு. ஒரு அங்குலத்தை 100 பங்காக்கி அதில் 32 பங்கு எடுத்தால் பாயிண்ட் 32. ஐரோப்பாக்காரர்கள் இதையே மில்லி மீட்டரில் சொல்வார்கள்.

அடிக்கடி செய்திகளில் '7.65 மி.மீ. கைத்துப்பாக்கி பறிமுதல்' என்று வருகிறதே, அதுவும் பாயிண்ட் 32 குடும்பம்தான். 1899-ல் ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் பெல்ஜியம் நாட்டு கம்பெனிக்காக உருவாக்கிய பிஸ்டல் தோட்டா அது. அமெரிக்காவில் பாயிண்ட் 32, ஐரோப்பாவில் 7.65. குழாயை அளந்தால் ஒரு கணக்கு, குண்டை அளந்தால் இன்னொரு கணக்கு என்பதால் இரண்டு எண்ணும் சரியாக பொருந்தாது.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. ரிவால்வரில் போடுகிற பாயிண்ட் 32 வேறு, பிஸ்டலில் போடுகிற பாயிண்ட் 32 வேறு. ரிவால்வர் தோட்டா 1896-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி கொண்டு வந்தது. அதன் பின்பக்கம் விளிம்பு வைத்து நீளமாக இருக்கும். பிஸ்டல் தோட்டா குட்டையாக இருக்கும். பெயர் ஒன்றுதானே என்று ஒன்றை மற்றதில் போடக்கூடாது.

வெள்ளைக்காரன் பயம்

இந்தியாவில் துப்பாக்கி அளவைப் பிரித்து தடை போட்டது பிரிட்டிஷ் ஆட்சி காலத்திலேயே தொடங்கி விட்டது. அவர்களுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். ராணுவ கிடங்கில் இருந்து தோட்டா திருடு போனால், அது வெளியில் இருக்கிற துப்பாக்கியில் பொருந்தி விடக்கூடாது!

1900-களின் தொடக்கத்தில் பாயிண்ட் 450 அளவு ரைபிள்கள் இந்தியாவுக்குள் வர தடை போட்டார்கள். ராணுவத்தின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியின் தோட்டாவோடு அந்த அளவு ஒட்டியிருந்ததே காரணம். புலி, யானை வேட்டைக்கு வந்த துரைமார்களுக்கே இந்த தடை தலைவலி ஆனது. இங்கிலாந்து கம்பெனிகள் உடனே பாயிண்ட் 465, பாயிண்ட் 470 என்று புது அளவுகளை உருவாக்கி விற்க ஆரம்பித்தன. சட்டம் ஒரு அளவை தடுத்தால் வியாபாரம் பக்கத்து அளவுக்கு தாவும் என்பதற்கு அது அந்த காலத்து உதாரணம்.

கைத்துப்பாக்கியிலும் அதே கதைதான். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் முதலில் பாயிண்ட் 455 ரிவால்வர் வைத்திருந்தார்கள். 1930-களில் பாயிண்ட் 38-க்கு மாறினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவம் 9 மி.மீ. பிஸ்டலுக்கு வந்தது. இந்த மூன்றுமே ராணுவத்தின் அளவு. அதனால் மூன்றுமே பொதுமக்களுக்கு மூடப்பட்ட கதவு. பாயிண்ட் 32 எந்த காலத்திலும் இங்கே ராணுவத்தின் முக்கிய தோட்டாவாக இருந்ததில்லை. அதனால் தப்பித்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுத சட்டமும், அதன் கீழ் 1962-ல் வந்த விதிகளும் இந்த பிரிவை அப்படியே வைத்துக்கொண்டன. பாயிண்ட் 380, பாயிண்ட் 455 ரிவால்வர் தோட்டா, ராணுவத்தின் 9 மி.மீ. தோட்டா ஆகியவற்றை போட்டு சுட முடிகிற எந்த கைத்துப்பாக்கியும் 'தடை செய்யப்பட்ட அளவு'. 2016-ல் புது விதிகள் வந்தபோதும் இந்த தடை போகவில்லை.

சாதாரண அளவு துப்பாக்கிக்கு கலெக்டர் லைசென்சு கொடுக்கலாம். கமிஷனர் இருக்கிற மாநகரத்தில் போலீஸ் கமிஷனர் கொடுக்கலாம். தடை செய்யப்பட்ட அளவுக்கு டெல்லியில் மத்திய உள்துறை அமைச்சகம்தான் கொடுக்க வேண்டும். தீவிரவாதிகளால் நேரடி ஆபத்து இருப்பவர்கள் போன்ற மிகச் சிலருக்குத்தான் அது கிடைக்கும்.

தண்டனையிலும் வித்தியாசம் பெரியது. 2019-ல் நாடாளுமன்றம் ஆயுத சட்டத்தை திருத்தியது. அதன்படி லைசென்சு இல்லாமல் சாதாரண அளவு துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை ஜெயில். அதுவே 9 மி.மீ. போன்ற தடை செய்யப்பட்ட ஆயுதமாக இருந்தால் 7 முதல் 14 ஆண்டு வரை. முன்பு இது 5 முதல் 10 ஆண்டாக இருந்தது.

பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி கருப்பு பிஸ்டல்தான். குழாயில் ஒரு மில்லி மீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். தண்டனையில் பல வருஷம் வித்தியாசம்!

20 வருஷம் ராணுவத்தில் 9 மி.மீ. பிஸ்டல் பிடித்து பழகியவர் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து செக்யூரிட்டி வேலைக்குப் போனாலும் இதே சட்டம்தான். கையில் பழகிய துப்பாக்கி அவருக்கு கிடையாது. 12 போர் நீளத் துப்பாக்கி, பாயிண்ட் 32 ரிவால்வர் போன்றவற்றைத்தான் வாங்க முடியும்.

கான்பூரும் கொல்கத்தாவும்

பாயிண்ட் 32 ராஜா ஆனதற்கு இரண்டாவது காரணம் கடை. 1980-களின் நடுவில் வெளிநாட்டு துப்பாக்கி இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. அதற்குப் பிறகு பொதுமக்களுக்கு புது கைத்துப்பாக்கி வேண்டும் என்றால் அரசு படைக்கல தொழிற்சாலையை விட்டால் வேறு வழி இல்லை என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது.

அரசு தொழிற்சாலை என்ன தயாரித்தது? கான்பூரில் பாயிண்ட் 32 ரிவால்வர். இங்கிலாந்தின் பழைய வெப்ளி ரிவால்வரை ஒட்டிய மாடல், 6 தோட்டா. கொல்கத்தா காசிப்பூரில் 'அஷானி' என்ற பாயிண்ட் 32 பிஸ்டல். விற்பனைக்கு இருந்ததே இதுதான் என்பதால் மக்கள் வாங்கியதும் இதுதான்.

2014 ஜனவரியில் கான்பூர் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற பெயரில் பெண்களுக்கான ரிவால்வர் என்று ஒன்றை கொண்டு வந்தது. டெல்லி மாணவி கொடூரம் நடந்து ஓராண்டுக்குப் பிறகு வந்ததால் நாடு முழுக்க பேச்சு. எடை அரை கிலோ. அதுவும் பாயிண்ட் 32தான். விலை அப்போதே ரூ.1.22 லட்சம்! கடைசி பஸ் பிடித்து வேலைக்குப் போய் வருகிற பெண்ணுக்கு எட்டுகிற விலையா அது? கைப்பையில் இருப்பதை வெளியே எடுப்பதற்குள் என்ன ஆகும்? என்று அப்போதே பலர் கேட்டார்கள். கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

2021 அக்டோபரில் படைக்கல தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு 7 கம்பெனிகளாக பிரிக்கப்பட்டது. கான்பூரில் தலைமையிடம் உள்ள கம்பெனியின் கீழ் துப்பாக்கி தொழிற்சாலைகள் வந்தன. திருச்சி துப்பாக்கி தொழிற்சாலையும் அதில் அடக்கம். 2023 ஆகஸ்டில் அந்த கம்பெனி 'பிரபல்' என்ற புது ரிவால்வரை வெளியிட்டது. 50 மீட்டர் வரை சுடும், தோட்டா உருளையை பக்கவாட்டில் திறக்கலாம் என்று விளம்பரம். அளவு? மறுபடியும் பாயிண்ட் 32!

நம்ம திருச்சி தொழிற்சாலையில் ராணுவத்துக்கான ரைபிள்களும், 'வித்வன்சக்' என்ற ராட்சத துப்பாக்கியும் தயாராகின்றன. உள்ளூர்க்காரர் கையில் வைத்திருக்கும் பாயிண்ட் 32 ரிவால்வர் பெரும்பாலும் கான்பூரில் இருந்து வந்ததுதான்.

வெளிநாட்டு மோகமும் குறையவில்லை. தடைக்கு முன்பு வந்த பழைய வெப்ளி, ஜெர்மனி வால்தர் போன்றவை லைசென்சுதாரர்களுக்குள் கை மாறுகின்றன. அவற்றுக்கு பல லட்சம் கொடுக்கவும் ஆள் இருக்கிறது. இரும்பு விலையா அது? பெயருக்கான விலை!

போட்டியாளர்கள் யார்?

சட்டப்படி வாங்கக்கூடிய மற்ற அளவுகளும் உண்டு. பாயிண்ட் 22 மிகச் சிறியது, தோட்டா விலையும் குறைவு. கொல்கத்தா அருகே இஷாப்பூர் தொழிற்சாலை 'நிடர்' என்ற பாயிண்ட் 22 ரிவால்வரை கொண்டு வந்தது. எடை கால் கிலோ, விலை சுமார் ரூ.35 ஆயிரம் என்று அறிவித்தார்கள். ஆனால் "இது எலி அடிக்கிற துப்பாக்கி" என்ற கேலியில் இருந்து பாயிண்ட் 22 இன்னும் மீளவில்லை. விளையாட்டு வீரர்களுக்குத்தான் அது உயிர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் பிரிவு பாயிண்ட் 22தான்.

பாயிண்ட் 25 என்பது பழைய காலத்து சட்டைப்பை பிஸ்டல். பெரும்பாலும் தாத்தா காலத்து சரக்கு. ஆக, பாதுகாப்புக்கு என்று கேட்டு வருகிறவருக்கு கடைக்காரர் எடுத்து வைப்பது பாயிண்ட் 32.

பாயிண்ட் 32-க்கு ஒரு மரியாதையான பக்கமும் இருக்கிறது. உதறல் குறைவு. சர்வதேச போட்டிகளில் 25 மீட்டர் 'சென்டர் பயர்' பிரிவில் 7.62 முதல் 9.65 மி.மீ. வரை எந்த அளவும் பயன்படுத்தலாம். பெரிய அளவுக்கு அனுமதி இருந்தும் வீரர்கள் அதிகம் விரும்புவது பாயிண்ட் 32 ரிவால்வர் தோட்டாவைத்தான். குறி தப்பாது என்ற நம்பிக்கை. இந்தியாவின் ஜஸ்பால் ராணா 2006 தோகா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது இந்த சென்டர் பயர் பிரிவில்தான்.

சக்தி எவ்வளவு?

கணக்கை நேராகவே பார்க்கலாம். பாயிண்ட் 32 பிஸ்டல் குண்டின் எடை சுமார் 4.6 கிராம். விநாடிக்கு சுமார் 275 மீட்டர் வேகம். 9 மி.மீ. குண்டு சுமார் 7.5 கிராம், விநாடிக்கு சுமார் 360 மீட்டர் வேகம். இரண்டையும் கணக்கு போட்டால் 9 மி.மீ.க்கு இரண்டரை மடங்குக்கு மேல் சக்தி வருகிறது.

அதற்காக பாயிண்ட் 32 விளையாட்டு பொம்மை என்று நினைத்தால் அது பெரிய தப்பு. நெஞ்சிலோ தலையிலோ பட்டால் உயிர் போய்விடும். சக்தி குறைவு என்பது சாவு வராது என்று அர்த்தம் அல்ல.

அமெரிக்கா படித்த பாடம்

பெரிய குண்டு இருந்தால் பாதுகாப்பு அதிகமா? இந்த கேள்விக்கு அமெரிக்காவின் எப்.பி.ஐ. போலீஸ் 30 வருஷம் செலவழித்து பதில் கண்டுபிடித்தது.

1986 ஏப்ரல் 11-ந்தேதி மியாமியில் வங்கி கொள்ளையர்கள் 2 பேரை எப்.பி.ஐ. ஏஜெண்டுகள் 8 பேர் மடக்கினார்கள். ஒரு கொள்ளையனின் கையை துளைத்து நெஞ்சுக்குள் போன 9 மி.மீ. குண்டு இதயத்தை தொடாமல் நின்று விட்டது. அவன் தொடர்ந்து சுட்டதில் 2 ஏஜெண்டுகள் பலி, 5 பேர் காயம்.

பழி முழுவதும் 9 மி.மீ. மேல் விழுந்தது. பெரிய தோட்டா வேண்டும் என்று முதலில் 10 மி.மீ.யை எடுத்தார்கள். உதறல் தாங்க முடியவில்லை. 1990-ல் பாயிண்ட் 40 என்ற புது தோட்டா வந்தது. எப்.பி.ஐ.யோடு ஊர் ஊராக உள்ள போலீஸ் துறைகளும் அதற்கு மாறின.

கடைசியில் என்ன ஆனது? பாயிண்ட் 40-ல் உதறல் அதிகம், துப்பாக்கி சீக்கிரம் தேய்கிறது, கொள்ளளவு குறைவு. இதற்குள் 9 மி.மீ. குண்டின் தயாரிப்பும் நன்றாக முன்னேறி விட்டது. 2014-ல் எப்.பி.ஐ. பயிற்சி பிரிவு ஒரு அறிக்கை கொடுத்தது. நல்ல 9 மி.மீ. போதும் என்றது அறிக்கை. எப்.பி.ஐ. மறுபடியும் 9 மி.மீ.க்கே திரும்பியது. மற்ற போலீஸ் துறைகளும் பின்னாலேயே வந்தன. ஒரு காலத்தில் அமெரிக்க போலீசின் ஹீரோவாக இருந்த பாயிண்ட் 40-ன் மவுசு அத்தோடு சரிந்தது.

அந்த அறிக்கையில் இருந்த இன்னொரு விஷயம்தான் நம்ம ஊருக்கு முக்கியம். மோதலின்போது போலீசார் சுடுகிற குண்டுகளில் 70 முதல் 80 சதவீதம் குறி தவறுகிறது என்றது அது. பயிற்சி எடுக்கும் போலீசுக்கே இந்த நிலை! லைசென்சு வாங்கிய நாளில் தொட்டுவிட்டு, பிறகு பீரோவில் பூட்டி வைத்திருப்பவர் நடுராத்திரி இருட்டில் என்ன செய்வார்? கையில் இருப்பது பாயிண்ட் 32 ஆனாலும் 9 மி.மீ. ஆனாலும் தவறுகிற குண்டு போய் விழுவது பக்கத்து வீட்டு சுவரிலோ, ரோட்டில் போகிறவர் மேலோதான்.

கள்ள மார்க்கெட்டில் என்ன?

சட்டம் லைசென்சுதாரரை பாயிண்ட் 32-ல் நிறுத்தி விட்டது. ரவுடிகளை நிறுத்தியதா? அதுதான் இல்லை. பீகார் மாநிலம் முங்கேர் துப்பாக்கிக்கு பெயர் போன ஊர். 18-ம் நூற்றாண்டில் வங்காள நவாப் மீர் காசிம் காலத்தில் தொடங்கிய ஆயுத தொழில் அங்கே இன்னும் கள்ளத்தனமாக ஓடுகிறது. அங்கிருந்து வருவதாக போலீசார் பல மாநிலங்களில் பிடிக்கும் பிஸ்டல்களில் 7.65-ம் இருக்கிறது, 9 மி.மீ.யும் இருக்கிறது.

அதாவது தடை செய்த அளவு, தடை செய்யாத அளவு என்ற கோடு லைசென்சு கேட்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பவருக்குத்தான். கள்ளத்துப்பாக்கி வாங்குபவனுக்கு அந்த கோடு கண்ணில் தெரிவதே இல்லை. நாட்டில் துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் பெரும்பாலானவை லைசென்சு இல்லாத ஆயுதங்களால் நடப்பவை என்பதை தேசிய குற்ற ஆவண காப்பக கணக்குகள் ஆண்டுதோறும் காட்டி வந்திருக்கின்றன.

ஆனால் தடையால் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2016 கடைசியில் நாட்டில் 33 லட்சத்துக்கும் மேல் துப்பாக்கி லைசென்சு இருந்தது. உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேருக்கும் 9 மி.மீ. கொடுத்தால் போலீஸ், ராணுவ தோட்டாவுக்கு வெளியில் ஒரு பெரிய சந்தை தானாக உருவாகி விடும். கிடங்கில் கணக்கு குறைந்தால் எங்கே போனது என்று தேட முடியாது. வெள்ளைக்காரன் பயந்த அதே பயம்தான். இன்றைக்கும் அது அர்த்தம் உள்ள பயம்.

வீட்டில் பழைய துப்பாக்கி இருக்கிறதா?

சாதாரண குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தாத்தாவோ அப்பாவோ எப்போதோ வாங்கிய பழைய ரிவால்வர் டிரங்கு பெட்டியில் கிடக்கும். அவர் இறந்த பிறகு லைசென்சு என்ன ஆனது என்று யாரும் பார்ப்பதில்லை. அது பாயிண்ட் 38, பாயிண்ட் 455 ஆக இருந்தால் வீட்டில் இருப்பது தடை செய்யப்பட்ட ஆயுதம். "எனக்கு அளவெல்லாம் தெரியாதுங்க" என்று சொல்லி தப்பிக்க முடியாது.

லைசென்சுதாரர் இறந்து விட்டாலோ, லைசென்சு காலாவதி ஆகி விட்டாலோ துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதம் இல்லாமல் போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற துப்பாக்கி கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுத சட்டத்தின் 21-வது பிரிவு. ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். வாரிசு அதை வைத்துக்கொள்ள விரும்பினால் தன் பெயரில் லைசென்சுக்கு விண்ணப்பிக்கலாம். அதை விட்டுவிட்டு தெரிந்தவருக்கு விற்பது, கிணற்றில் போடுவது எல்லாம் வம்பை விலைக்கு வாங்கும் வேலை.

ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் லைசென்சு வேண்டும். விமான நிலைய சோதனையில் பழைய பையின் மூலையில் கிடந்த தோட்டாவால் பயணம் நின்று, போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்தவர்கள் உண்டு.

லைசென்சு வைத்திருப்பவர்களும் 2019 திருத்தத்தை தெரிந்துகொள்ள வேண்டும். முன்பு ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம், இப்போது 2 மட்டும்தான். லைசென்சு காலம் 3 ஆண்டில் இருந்து 5 ஆண்டு ஆகியிருக்கிறது. கல்யாணம், திருவிழா, ஊர்வலத்தில் வானத்தை நோக்கி சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு கீழே வந்துதான் ஆக வேண்டும்.

சந்தையில் ஜெயித்த பொருள் என்றால் பத்தில் ஒன்றை மக்கள் பார்த்து, பிடித்து வாங்கியிருக்க வேண்டும். பாயிண்ட் 32 அப்படி ஜெயிக்கவில்லை. ராணுவ தோட்டா வெளியே போகக்கூடாது என்ற பழைய பயம், இறக்குமதி தடை, அரசு தொழிற்சாலை தயாரித்த மாடல் ஆகிய மூன்றும் சேர்ந்து அதை ராஜா ஆக்கின. சட்டம் மாறாத வரை அந்த நாற்காலி அதற்குத்தான். புதிதாக எந்த கம்பெனி வந்து எந்த பெயரில் ரிவால்வர் கொண்டு வந்தாலும், குழாயில் பொறித்திருக்கும் எண் பெரும்பாலும் 32 ஆகத்தான் இருக்கும்.